கூட்டக் குறிப்பு

செந்தூலில் மோட்டார் சாமான் கடைக்கு மேல்மாடி.
பதினொரு பிளாஸ்டிக் நாற்காலி, வருவது ஏழு பேர்.
மேடையில்லை, சிலுவையில்லை, பாதிரியார் இல்லை.
எங்களை நாங்கள் நண்பர்கள் என்று சொல்லிக்கொள்கிறோம்.
கீழே கடைக்கார ஆ கியோங் கேட்பார்:
"ஒரு மணி நேரமா சத்தமே காணோம்.
தூங்கவா வாடகை கொடுக்கிறீங்க?"

பேச்சு உள்ளிருந்து வந்தால் எழுந்து பேசலாம்.
வராவிட்டால் மின்விசிறி பேசும்.
கொமுட்டர் ரயில் கடக்கையில்
ஜன்னல் கண்ணாடி மட்டும் ஆமென் சொல்லும்.

அந்த ஞாயிறு சௌந்தரியை சியூ லான் கூட்டிவந்தாள்,
தன் தையல் கடையில் பொத்தான் கட்டுபவள் என்று.
மகன் யுகேஸ்வரன், லாரி கிளிண்டன், இருபத்துமூன்று வயது.
பாலாயில் நான்கு நாள் இருந்தான்.
ஐந்தாம் நாள் ஆஸ்துமா என்று சொல்லிக் கொடுத்தார்கள்.
அவனுக்கு ஆஸ்துமா இருந்ததில்லை.

இருபது நிமிடம் பொறுத்தாள்.
பிறகு உட்கார்ந்தபடியே சொன்னாள்:
"பாலாயிலயும் சும்மா இருன்னாங்க.
ஆஸ்பத்திரியிலயும் சும்மா இருன்னாங்க.
இங்கயுமா?"

எழுத்தர் நான்தான்.
எந்த வரியாக இதை எழுதுவது?
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வாக்கெடுப்பு எங்களிடம் கிடையாது.
ஒருவருடைய 'வேண்டாம்' கரையும் வரை
மற்றவர்களின் 'ஆகட்டும்' காத்திருக்க வேண்டும்.
அன்று அந்த ஒருவர் இம்மானுவேல்,
காஜாங் சிறையில் இருபத்தெட்டு வருஷம் வார்டர்.
"பதாகை வேண்டாம்" என்றார்.
"சீருடைக்குள்ளும் ஒரு வெளிச்சம் உண்டு.
பதாகையைக் கண்டால் அது கதவைச் சாத்திக்கொள்ளும்."

சௌந்தரி திரும்பிப் பார்த்தாள்.
"என் புள்ள இருந்த செல்லுல லைட்டு கெட்டுப்போச்சாம்யா.
கேமராவும்தான்."

சாப்பாட்டு நேரம் போயிற்று.
சியூ லானின் மீஹூன் பொட்டலத்துக்குள்ளேயே ஆறியது.
கீழே ஷட்டர் இறங்கும் சத்தம்.
மூன்று மணிக்கு இம்மானுவேல் வாயைத் திறந்தார்,
கையை முட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு:
"டைரியை எப்படி எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியும்.
ரெண்டு மணிக்கு ஒரு ரோந்து.
போகாமலே போனதா நானும் எழுதியிருக்கேன்."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
அது பழைய மௌனம் இல்லை.

நான் எழுதியது இவ்வளவுதான்:
மரண விசாரணை நடக்கும் எல்லா நாளும்
நம்மில் இருவராவது போய் உட்காருவது.
இம்மானுவேல் தமக்குத் தெரிந்ததை வக்கீலிடம் சொல்வது.
உரக்கப் படித்தேன். எவரும் மறுக்கவில்லை.

ஜாலான் டூத்தா, நான்காம் மாடி.
வாசல் காவலர் புத்தகத்தை நீட்டினார்.
"உறவா?"
"இல்லை, நண்பர்கள்."
காவான் என்று எழுதிக்கொண்டார்.
நாங்கள் வைத்துக்கொண்ட பெயரை
அன்றுதான் யாரோ அர்த்தத்தோடு எழுதியது.

பெஞ்சில் முதுகு வலிக்கும். ஏர்கான் குளிர் எலும்பில் இறங்கும்.
டாக்டர் வரவில்லை, ஒத்திவைப்பு.
மொழிபெயர்ப்பாளர் வரவில்லை, ஒத்திவைப்பு.
செவ்வாய்க்கிழமைகளில் தையல் கடைக்குப் பூட்டு.
ஏழாம் நாள் இம்மானுவேலைக் கூண்டில் ஏற்றினார்கள்.
குரல் பெஞ்சு வரை வரவில்லை.
கழுத்து நரம்பு மட்டும் தெரிந்தது.
அன்று கடைசி வரிசையில் ஆ கியோங்,
விரலிடுக்கில் கிரீஸோடு.
வாடகையை அவர் குறைக்கவில்லை.

தீர்ப்பு இன்னும் வரவில்லை.
அடுத்த தேதி பிப்ரவரி பதினேழு.

சௌந்தரி இப்போதும் ஞாயிறு வருகிறாள்,
கதவைப் பார்த்த நாற்காலிக்கு.
நாங்கள் கண்ணை மூடுவோம், அவள் மூடமாட்டாள்.
"எல்லாரும் மூடிக்கிட்டா யாரு பாக்கிறது?" என்பாள்.

போன வாரம் நானும் மூடவில்லை.