இடது கரை, பதினோராம் கிலோமீட்டர்

முதலில் ஒரு முழ அகலம்தான் இருந்தது.
புல் தேய்ந்து, களிமண்
எண்ணெய் தடவினாற்போல் மின்ன,
யாரோ வழுக்கி விழுந்திருக்கிறார்கள்
என்றுதான் நினைத்தேன்.
பக்கத்தில் கிடந்த எச்சத்தைக்
குச்சியால் கிளறினேன்.
நண்டோடு. கெண்டைச் செதில்.
கெளுத்தியின் முள் ஒன்று, முழுசாக.
மனுஷர் இப்படித் தின்பதில்லை.

ஷட்டர் சாவி, டார்ச், பதிவேடு:
அவர் போனபின் எனக்கு வந்த உத்தியோகம்.
லஸ்கர் என்பார்கள். பெண்ணுக்கும் அதே பெயர்தான்.
திருமலைராஜன் ஆற்றில் என் எல்லை
கல் பாலம் தொடங்கிக் கடைமடை வரை.

ஐப்பசி மழை அந்தச் சறுக்கலைக் கண்டுகொண்டது.
மழைக்கு ஒரு கீறல் போதும்.
முழம் பாகமானது.
கரை உட்குழிந்து
ஓட்டம் எட்டாத ஒரு சின்னத் தேக்கம்;
கார்த்திகைக்குள் அதில் கோரை.
கோரையின் காலடியில்
விரால் குஞ்சுகள் ஒரு செந்நூல் பந்தாகத் திரண்டு
மேலே வரும், வாய் திறக்கும்,
மறுபடி கலையாமல் இறங்கும்.
அடியில் கறுப்பாய் அசையாமல் தாய்.

ஒரு ராத்திரி, மணி மூன்றிருக்கும்,
தண்ணீர் குறைக்கச் சொல்லிப் போன் வந்து
ஷட்டருக்குப் போகிற வழியில் பார்த்தேன்.
ஐந்து தலைகள்.
வில் வளைந்தாற்போல் ஆற்றை அணைத்து வந்தன,
சீழ்க்கையும் இருமலுமாய் என்னவோ பேசிக்கொண்டு.
முன்னால் மீன்கள் துள்ளின.
ஓடிப்போக ஒரே இடம் அந்தத் தேக்கம்.
அதைச் செய்து வைத்ததும் அவைதான்.
டார்ச்சை அணைத்துவிட்டேன்.
இருட்டில் எலும்பு நொறுங்கும் சத்தம்
முறுக்குத் தின்பது மாதிரி.

கோடையில் இவை எங்கே கிடந்தன என்று தெரியும்.
ஆறு மணலாய்க் கிடந்த நாலு மாதமும்
லாரிக்காரர்கள் தோண்டிவிட்டுப் போன குழியில்
இடுப்பளவு பச்சைத் தண்ணீர்.
அதில் நூறு மீன், ஐந்து வாய், சில கொக்கு.
தோண்டினவர்களுக்குத் தெரியாது
யாருக்கு உலை வைத்தோம் என்று.

சவுரிராஜன் வந்து நின்றார்.
"இதென்னம்மா, கரைக்குப் பல் விழுந்தாப்பல?
உடைஞ்சா என் சம்பா மூணு மா போச்சு."
கதிர் பால் பிடிக்கிற நேரம்.
அவர் சொன்னதில் தப்பே இல்லை.
ஏ.இ.யிடம் சொன்னேன். அறுபது மூட்டை மணல் வந்தது.
பதிவேட்டில் 'சேதத்திற்குக் காரணம்' என்ற கட்டம்
ஒரு விரல் அகலம்.
மழை என்று எழுதினேன்.
பொய்யில்லை. முழுசும் இல்லை.

மூட்டை அடுக்கின அன்றைக்குக்
கோரையோடு சேர்த்து மூடினார்கள்.
மண்வெட்டிக்காரர் வாளியில்
ஏழெட்டு விரால் குஞ்சு எடுத்து ஆற்றில் விட்டார்.
மிச்சத்தை யாரும் எண்ணவில்லை.

பத்து நாள் அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.
பதினோராம் நாள்
மேல் மூட்டையில் புது எச்சம்,
தவறாமல் ஒரே மூட்டையில், தினமும்,
கையெழுத்துப் போடுகிற மாதிரி.
தை பிறக்கும்போது
அந்தச் சாக்கு மட்டும் இற்று வாய் பிளந்தது.
உள்ளிருந்து அறுகம்புல், ஒரு கைப்பிடி,
மற்றெந்தப் புல்லையும்விடக் கறும்பச்சை.
வேர் மணலைப் பிடித்திருந்தது.
இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.

இன்று காலை
மூட்டைகளுக்குக் கீழ்ப்புறம், நாலடி தள்ளி,
களிமண் ஈரமாய் மின்னுகிறது.
டேப்பை விரித்து வைத்தேன்:
பதினெட்டு அங்குலம்.
சவுரிராஜன் வயலில் அறுப்பு மெஷின் இரைகிறது.
பேனா மூடியைத் திறந்துவிட்டு
இன்னும் எழுதாமல் நிற்கிறேன்.
தண்ணீரில் ஒரு குமிழ்.
கொஞ்சம் தள்ளி இன்னொன்று.