கணக்கில் வராத பன்னிரண்டு நிமிடம்

தார்த்து நகரில் டிசம்பர்.
மூன்றரைக்கெல்லாம் சன்னலில் இரவு.
பங்கேற்பாளர் பத்தொன்பது
காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டு
கம்பளிக் காலுறையோடு உள்ளே வந்தார்.
பெயரை எழுதக் கூடாது என்பது விதி.
ஹெய்னோ.
நகராட்சியில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறார்.

அளவுநாடாவைத் தலையைச் சுற்றிப் பிடித்தேன்:
ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர்.
தொப்பியை மாட்டி
முப்பத்திரண்டு துளைகளிலும்
நரைமுடியை விலக்கி விலக்கி
மழுங்கிய ஊசியால் ஜெல் வைத்தேன்.
"குளிருகிறதா?"
"இதெல்லாம் ஒரு குளிரா."
அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

திரையில் பதினைந்து துண்டுப் படங்கள்.
குளத்தில் விழும் மாப்பிள்ளை,
காலியான மருத்துவமனைக் கட்டில்,
இருட்டில் தானாகத் திறக்கும் கதவு.
ஒவ்வொன்றும் முடிந்ததும் கேட்டேன்,
மகிழ்ச்சி எவ்வளவு, ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள்.
ஐந்து, என்றார்.
ஐந்து.
கட்டிலுக்கும் ஐந்து.
முகத்தில் ஒன்றும் இல்லை.
இந்த ஊரில் யார் முகத்திலும் இருக்காது, என் முகம் உட்பட.
அகத்தில் இருப்பது முகத்தில் தெரிந்துவிட்டால்
எனக்கு வேலை ஏது?

எல்லோரும் போனபின் அலைகளைச் சுத்தம் செய்தேன்.
கண் சிமிட்டியது, நீக்கு.
தாடை இறுகியது, நீக்கு.
எச்சில் விழுங்கியது, நீக்கு.
அழுகை எங்களுக்கு இரைச்சல்;
அலையைக் கெடுத்துவிடும்.
மிச்சத்தை இயந்திரம் படித்துச் சொன்னது:
நடுநிலை. எண்பத்தொரு சதவீதம்.

ஏதோ தோன்ற, பதிவைப் பின்னால் தள்ளினேன்.
முதல் படத்துக்கும் முன்னால்
முனைகள் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்க
நான் திறந்துவைத்து மறந்த
பன்னிரண்டு நிமிடம்.
குறியில்லை, எண்ணில்லை,
எந்த ஆய்விலும் சேராது.
என் விரல் படும் துளையில் எல்லாம்
கோடு தாறுமாறாய்த் துள்ளி
அடங்குகிறது.
மெல்ல மெல்லப் பின்மண்டையில் ஆல்ஃபா
நீளமாய், சீராய்,
ஏரியில் துடுப்பை உள்ளே எடுத்து வைத்ததுபோல.
கண்ணை மூடியிருக்கிறார்.
நான் கவனிக்கவே இல்லை.
பிறகு நெற்றியோரம் ஒரு நடுக்கம்.
மூன்று முறை.
அதைத்தான் நான் நீக்கக் கற்றிருக்கிறேன்.

படிவத்தை எடுத்துப் பார்த்தேன்.
உடன் வசிப்பவர்கள்: கோடு போட்டிருந்தார்.

இப்போதுதான் நினைவு வருகிறது.
எல்லாம் முடிந்து
தொட்டியருகே ஜெல்லைக் கழுவிவிட்டு
ஈரத்தலையோடு நிமிர்ந்தவர்
நான் துண்டை எடுத்து வந்தபோது
மறுபடியும்
தலையைக் கொஞ்சம் குனிந்தார்.

துண்டை அவர் கையில் கொடுத்தேன்.