சரிவு

இரண்டு கார் நிற்கும் என்று சொல்லித்தான்
இந்த வீட்டை விற்றார்கள்.
பதினொரு குளிர்காலமாக
என் கார் வாசலில்.
மைனஸ் முப்பதில்
கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டும்போதெல்லாம்
கதவுக்கு உள்ளே
இரும்புகள் கதகதப்பாய்ப் படுத்திருக்கும்.

முதலில் டிராக்டர் மட்டும்தான்.
சின்னது, ஆரஞ்சு நிறம்,
ஒரு மூலையில் கிடக்கும் என்றார் ஓரெஸ்ட்.
டிராக்டர் தனியாக வாழாது என்பதை
மானிட்டோபாவில் பிறந்த நானே
அப்போதுதான் கற்றேன்.
அதற்கு ஒரு முன்வாளி.
வாளியைக் கழற்றினால் மாட்ட ஒரு முட்கவை.
புதர்வெட்டி. மண் நிரவும் பெட்டி.
பிறகு அந்தப் பனி ஊதி,
வயிற்றில் சுருள் கத்தி, கழுத்தில் வளைகுழாய்,
இருநூற்று அறுபது கிலோ.
(ரசீதில் பார்த்தேன். அவர் சொன்னது "கொஞ்சம் கனம்.")

இடம் கொடுத்தது நான்.
மடத்தைப் பிடுங்கியது இரும்பு.

புதர்வெட்டியை எடுக்கப் பெட்டியை நகர்த்த வேண்டும்.
பெட்டியை நகர்த்த டிராக்டர் வேண்டும்.
டிராக்டரை மறித்துக்கொண்டு
புதர்வெட்டி.
தரையில் சாக்கட்டியால் கோடு போட்டார்,
ஒவ்வொன்றுக்கும் அதன் உருவத்தில்.
பார்க்கக் கொலை நடந்த இடம் மாதிரி இருந்தது.

பின்னால் மூன்று புள்ளிகளில் பொருந்த வேண்டும்.
அரை விரல் தப்பினால்
கடப்பாரை, முழங்கால், உக்ரேனிய வசவு.
இருபத்து மூன்று வருடம்
பள்ளிப் பேருந்தைப் பின்னோக்கி எடுத்தவள்
பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.
என்னைக் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

இந்த ஆகஸ்டில்தான் சக்கரங்கள் வந்தன.
கனத்த கட்டைகளை அறுத்து மேடை செய்து
அடியில் ஆறாறு உருளைகள் பூட்டினார்.
"ஒரு விரல் போதும்" என்று
பனி ஊதியைத் தள்ளிக் காட்டினார்.
நானும் தள்ளினேன், சுண்டுவிரலால்.
நகர்ந்தது.
இந்த வீட்டில் நான் சொன்னதும் நகர்ந்த
முதல் பொருள் அதுதான்.

அவர் மறந்தது ஒன்று.
காரிலிருந்து உருகும் பனி வடிந்து போக
கராஜின் தரை
வாசலை நோக்கிச் சரிந்திருக்கும்.
மொத்தமே இரண்டங்குலம்.
கண்ணுக்குத் தெரியாது.
தண்ணீருக்குத் தெரியும்.

நவம்பர் ஒன்பது, முதல் பெரும்பனி.
இரவில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம்.
காலையில் கதவு ஏறவில்லை.
நடுவில் வெளியே புடைத்திருந்தது,
கன்னத்துக்குள் நாக்கைத் துருத்தியது போல.
வெளியே முழங்கால் பனி.
உள்ளே
பனியை அள்ள வேண்டியது
கதவில் சாய்ந்து நின்றது,
பேருந்தைத் தவறவிட்ட பிள்ளை மாதிரி.

பக்கக் கதவு வழியாகப் போனோம்.
பைஜாமா, பூட்ஸ், பேச்சில்லை.
நெடுநேரம் கழித்து ஓரெஸ்ட் சொன்னார்:
"பிரேக் வைத்த உருளை
பதினாலு டாலர் அதிகம்."

நான் சிரித்த சிரிப்பில்
மூச்சுப் புகை அவர் முகம் வரை போனது.

இரண்டங்குல ஏற்றத்தில்
இருவரும் தோள் கொடுத்தோம்.
அது மலை.
"இடது" என்றேன்.
இடதுபுறம் தள்ளினார்.
"நிறுத்து" என்றேன்.
நிறுத்தினார்.

தடை வைக்க மரக்கட்டை தேடிக்கொண்டிருந்தவரிடம்
நிலவறைப் படிக்கடியிலிருந்து
என் கர்லிங் கல்லைத் தூக்கி வந்தேன்.
சிவப்புக் கைப்பிடி, பத்தொன்பது கிலோ கருங்கல்,
மன்றத்தை மூடியபோது கொடுத்தது.
உறைதளத்தில் வழுக்கிவிட்டு
முன்னே இருவர் துடைப்பத்தால் தேய்க்கத் தேய்க்க
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் போ என்று
ஊரே கத்திய கல்.
உருளைக்கு முன்னால் வைத்தேன்.
நின்றது.

கதவைச் சரிசெய்ய
செவ்வாய்க்கிழமைதான் ஆள் வருமாம்.

நேற்று விளக்கைப் போட்டுப் பார்த்தேன்.
தரையில் புதிதாக ஒரு சாக்கட்டிக் கோடு.
நீள்சதுரம். உள்ளே ஒன்றும் எழுதவில்லை.
அவர் தூங்கிய பிறகு டேப் வைத்து அளந்தேன்.
பக்கக் கண்ணாடிகளை மடக்கினால்
என் கார் நுழையும்.

நுழையும்.
இறங்கத்தான் முடியாது.