உரைகல் இல்லாத ஞாயிறு

திங்கள் முதல் சனி வரை
புடுவில் ஓர் அடகுக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறேன்.
கம்பிச் சந்தில் கைகள் வரும்.
கைகளை மட்டும் பார்த்துப் பழகிவிட்டேன்;
முகம் பார்த்தால் எடை கூடிவிடும்.
கல்லில் ஒரு கோடு, கோட்டில் ஒரு சொட்டு அமிலம்.
கோடு நின்றால் தங்கம்.
மாதம் நூற்றுக்கு இரண்டு, தவணை ஆறு மாதம்,
அடுத்தவர் வாங்க.

ஞாயிறு விடியுமுன்
செந்தூல் அடுக்குமாடி வாசலில் ஹம்டானின் வேன் ஹாரன் அடிக்கும்.
முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர்;
நிறுத்தம் எதைக் கண்டாலும்
கால் இன்னும் தானாகப் பிரேக்கைத் தேடுகிறது.
பின்னிருக்கையில் கோக் லியோங், ஏர்கோன் பழுதுபார்ப்பவன்,
மடியில் மூன்று டூலாங் தட்டு, ஆறு நாசி லெமாக் பொட்டலம்.
கோம்பாக் தாண்டிப் பழைய மலைச்சாலை ஏறும்போது
காது அடைத்துத் திறக்கும்.

எந்த ஓடை என்று சொல்லமாட்டேன்.
சொன்னால் அடுத்த வாரம் நீங்களும் வந்து நிற்பீர்கள்.

முழங்கால் தண்ணீர்.
பாறையின் முதுகுப்பக்கம், ஓட்டம் மூச்சு வாங்கும் இடத்தில்
மண்வெட்டி இறங்கவேண்டும்;
கனமானவை அங்கேதான் களைத்து உட்காரும்.
ஒரு வாளிச் சரளை. சுற்று, சாய், சுற்று.
கூழாங்கல் போகும், பிறகு பருமணல்,
பிறகு நைஸ் மணல், கடைசியில்
கண்மை போல் கறுப்பாக ஒரு பிறை.
அந்தப் பிறையின் நுனியில்
இருந்தால் இருக்கும்.

பெரும்பாலும் இருக்காது.

ஏழு வருடத்து ஞாயிறுகள்
ஒரு கண்மருந்துப் புட்டியின் அடியைக்கூட மூடவில்லை.
மூக்குத்திக்கே காணாது என்கிறாள் தங்கை.
பெட்ரோல் கணக்கை நான் போடுவதில்லை.
எனக்கு வேண்டியது
யார் கழுத்திலிருந்தும் கழற்றாத தங்கம்,
பள்ளிக் கட்டணம் தெரியாதது,
"கொஞ்சம் கூட்டிப் போடுங்கம்மா" என்ற குரலைக்
கேட்டே இராதது.

வெள்ளிக்கிழமை ஒரு வளையல் வந்தது.
துப்புரவுச் சீருடைக் கை, விரலிடுக்கில் குளோரக்ஸ் வாசம்.
தேய்த்தேன். சொட்டு விட்டேன்.
கோடு பச்சையாய்ப் பொங்கிக் காணாமல் போனது.
"அக்கா, இது முலாம்."
கை வளையலை வாங்கி மறுபடி மாட்டிக்கொண்டது.
"பதினோரு வருசமா போட்டிருக்கேன்.
தங்கமாத்தாம்மா இருந்துச்சு."
அன்று முகத்தைப் பார்த்துவிட்டேன்.
பார்த்துக்கொண்டே சொன்னேன்,
அடுத்தவர் வாங்க.

இன்று பத்து மணிக்கு என் பிறையில் ஒன்று மின்னியது,
அரிசிக் குறுணையில் பாதி.
நான் போட்ட சத்தத்தில்
இருவரும் தண்ணீரை உதைத்துக்கொண்டு வந்தார்கள்.
"நிழலில் வை" என்றார் ஹம்டான்.
காக்காப்பொன்னுக்கு வெயில் வேண்டும்,
தங்கம் நிழலிலும் தங்கம்.
தொப்பியைக் கழற்றித் தட்டுக்கு மேல் பிடித்தேன்.
மூன்று தலைகள் குனிந்தன.

அணைந்துவிட்டது.

கோக் லியோங் ஒன்றும் சொல்லாமல்
பொட்டலம் பிரிக்கப் போனான்.
தட்டைக் கவிழ்த்திருக்க வேண்டும்.
தொப்பியை விலக்கினேன், மின்னியது.
மூடினேன், அணைந்தது.
விலக்கினேன்.
யாரும் பார்க்காதபோது
ஈர விரல்நுனியில் ஒற்றிப்
புட்டிக்குள் விட்டேன்.

திரும்புகையில் காலுறையைக் கழற்றினால்
கணுக்காலில் ஓர் அட்டை, கறுப்புத் திராட்சையாய்.
உப்பை நீட்டியபடி "பூஙா" என்றார் ஹம்டான்.
மலாயில் வட்டிக்கும் பூவுக்கும் அந்த ஒரே சொல்தான்.
உதிர்ந்த இடத்தில் ரத்தம் நிற்காமல் பூத்தது.
"அசல் எங்கே?" என்று சிரித்தான் கோக் லியோங்.

சட்டைப்பையில் புட்டி இருக்கிறதா என்று தொட்டுப்பார்த்தேன்.
சாலை இறங்க இறங்கக் காது அடைத்தது.
செந்தூல் வந்தும் திறக்கவில்லை.