செவ்வாய்க்கிழமைப் பையன்

பத்தொன்பது வருடமாக எனக்கு வயது பத்து.
செவ்வாய்க்கிழமைதோறும்,
நெரிமாவில், இரண்டாவது மாடியில்,
சரசரக்காத பருத்திச் சட்டை போட்டு
மைக்கின் முன் நின்று
திரையில் அந்த வாய் திறக்கும்போதெல்லாம்
"பொகு" என்று கத்துவேன்.
பையன்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் "நான்" அது.
வீட்டுக்கடனில் பாதி அந்தச் சொல் அடைத்தது.

அந்தப் பையனின் அப்பா
எந்தப் பாகத்திலும் வீடு திரும்புவதில்லை.
அம்மாவுக்கு முதுகு மட்டும்.
வெங்காயத்தாள் நறுக்கும் முதுகு.
முகம் வரைந்தால் செலவு என்றார் இயக்குநர்.

நேற்றிரவு ஒதென் சட்டியைச் சுற்றி மூவர்.
முள்ளங்கித் துண்டை ஊதியபடி
சாதாரணமாகத்தான் கேட்டது பிள்ளை:
"பொகுவுக்கு இன்னொரு முட்டை."

குடும்பப் பதிவேட்டில்
மூத்த மகள், யுகாரி.
மாமனார் தேர்ந்த எழுத்துகள்.

நான் அந்தச் சொல்லுக்கு
தாடையை இறுக்குவேன், கழுத்தைச் சாய்ப்பேன்,
காலையில் இஞ்சித் தேன் குடிப்பேன்.
பிள்ளை எதுவும் செய்யவில்லை.
ஒரே டேக்.
என் காது பொய் சொல்லாது.

கணவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.
அதில் நான்தான்,
அரைக்கால் சட்டையில், மூச்சிரைக்க,
யாரையோ காப்பாற்ற ஓடிக்கொண்டிருந்தேன்.
இத்தனை வருடமாய் அவனை "நம்ம பையன்" என்பவர்
இப்போதும் திரையிலிருந்து கண்ணெடுக்காமல்
குச்சிகளால் சட்டிக்குள் துழாவினார்.

முட்டை இரண்டு தடவை வழுக்கியது.
நான் உதவிக்குப் போகவில்லை.