மூன்றாவது நிரல்

படிவத்தில் மூன்று நிரல்கள்.
அவர் சொன்னது. நான் சொன்னது. எனக்குள் நடந்தது.
முதல் இரண்டும் உள்ளங்கை அகலம்.
மூன்றாவது, தட்டச்சில் பிசகியதோ என்னவோ,
பெருவிரல் அளவு.
எனக்கு வசதியாய்ப் போயிற்று.
‘சரி’ என்றெழுத அந்த இடம் போதும்.
பதினொரு தாளில் பதினொரு ‘சரி’.

ஒன்றுவிட்ட வியாழன்களில்
வவுனியா பஸ்சில் வந்து மாங்குளச் சந்தியில் இறங்குவா ஜெசிந்தா.
என்னிலும் மூன்று வயது இளையவ.
மேற்பார்வை என்று அதற்குப் பெயர்.
முதல் நாள், கல்வி அதிகாரி வருகிற பள்ளிக்கூடம் போல
கொப்பிகளை அடுக்கி வைத்திருந்தேன்.
அவ ஒன்றையும் திறக்கவில்லை.
கதிரையை இழுத்துப் போட்டு
“பஸ்சுக்குள்ள நல்ல சனம்” என்றா.
பிறகு,
“ஆரை நினைச்சா உங்களுக்கு நித்திரை வருகுதில்லை?”

ஆஸ்பத்திரியில் எங்களுக்குத் தந்த அறை
நுளம்புவலைக் களஞ்சியமும்தான்.
கூரை மட்டும் பொதிகள்.
சொல்வதெதுவும் சுவரில் முட்டித் திரும்பாது.
வலைக்குள் போய் அடங்கிவிடும்.

இன்று நான் கொண்டுவந்தது
பதிவேட்டில் ‘ம’ என்ற ஒற்றை எழுத்தாய் இருக்கும் அம்மாவை.
துணுக்காய்ப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர்.
நான்கு தடவை வந்தும் கோழிக்கதைதான்.
எந்தப் பேடு அடைகிடக்கிறது,
எந்தக் குஞ்சைக் கீரி கொண்டுபோனது.
ஐந்தாம் தடவை
குஞ்சுகளை எண்ணிக்கொண்டு வந்தவர்
ஏழில் நின்றார்.
தோள் குலுங்கத் தொடங்கியது.
நான் எழும்பித் தண்ணி வார்த்துக் கொடுத்தேன்.
குடித்தார். முகம் துடைத்தார்.
“பஸ்சுக்கு நேரமாச்சு தம்பி.”

பாடம் ஒப்புவித்தது போல வாசித்து முடித்தேன்.
ஜெசிந்தா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தா.
“அந்தத் தண்ணி ஆருக்கு, குணாளன்?”

அவவுக்குத்தான், வேறை ஆருக்கு?
அழுகிற மனிசருக்குத் தண்ணி குடுக்காத
ஊரும் இருக்குதோ?
கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.
“ஓம், குடுப்பம்” என்றா.
“எழும்பேக்க உங்கட கால் என்ன சொன்னது?”

கால் என்ன சொல்லும்.
கடவை மணி அடித்தது. ரயில் வந்தது.
கடைசிப் பெட்டியும் போனபிறகு சொன்னேன்:
“ஓடு எண்டது.”

எட்டு என்று அந்த அம்மா சொல்லிவிடக் கூடாதென்று
நான் உள்ளே வேண்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.
எங்கள் ஆட்களின் எண்ணிக்கையும்
ஒரு பங்குனியில் ஏழில் நின்றது, மணலில்.
பின்னால் எல்லாரும் வருகினமோ என்று
திரும்பித் திரும்பி எண்ணுகிற வேலையை
என்னிடந்தான் விட்டிருந்தார்கள்.
பதினேழு வயது.

மேசையில் ஜக் இருந்தது.
ஜெசிந்தாவின் கை அதை நோக்கி
ஒரு சாண் நகர்ந்தது.
நின்றது. மடிக்குத் திரும்பியது.
நான் கண்டதை அவவும் கண்டா.
அந்த நேரத்திலும் இருவருக்கும்
சிரிப்பு வரப் பார்த்தது.
வரவில்லை.

போகும்போது சொன்னா:
“எனக்கும் ஒராள் இருக்கிறா, மன்னாரில.
வெள்ளிக்கிழமை எடுப்பன்.
இந்தக் கையைப் பற்றிக் கதைக்கவேணும்.”

அடுத்த கிழமை
ஜக்கைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு
பாதம் இரண்டையும் நிலத்தில் பதித்து இருந்தேன்,
எது வந்தாலும் வரட்டுமென்று.
வந்தார். குடையை மடக்கினார்.
மேசையைப் பார்த்தார்.
“தம்பி, இண்டைக்குத் தண்ணி இல்லையே?
ரெண்டு பஸ்சும் பிந்தி, நா வறண்டுபோச்சு.”

கதிரையில் ஏறித்தான் எடுக்கவேண்டியிருந்தது.
குடித்தார். இன்னொன்று கேட்டார்.
கிளாசை மடியிலேயே வைத்துக்கொண்டு
“போனமுறை ஏழிலதானே விட்டனான்” என்றார்.

இரவு படிவத்தை எடுத்து
மூன்றாவது நிரலின் கோட்டை
அடிமட்டம் இல்லாமல் இடப்பக்கம் தள்ளிக் கீறினேன்.
‘நான் சொன்னது’ பாதியாயிற்று.
கோடு கோணல்.
வியாழனுக்கு இன்னும் ஆறு நாள்.