முன், பின்

டூப்ளிகேஷன் வீதியில், பார்மசிக்கு மேல் மாடியில்
முகங்களைப் படம்பிடிப்பது என் வேலை.
நீலத் துணி, முக்காலி, வளைய விளக்கு.
பொட்டைக் கழற்றுங்கோ, கண்ணாடியையும்.
நேரே. இடம். வலம். நாடியைக் கொஞ்சம் தூக்குங்கோ.
பிறகு கோப்பில் பெயரடித்து, பக்கத்தில் போடுவேன்:
முன்.

"முன்" படத்தில் ஒருவரும் சிரிப்பதில்லை.
"பின்" படத்துக்குச் சிரியுங்கோ என்று நான் சொல்வதில்லை,
ஆனாலும் சிரித்துவிடுகிறார்கள்.
மாற்றத்தில் பாதி அந்தப் பல்வரிசையுடையது.
டொக்டருக்கு இதைச் சொன்னதில்லை.

தெமட்டகொடையிலிருந்து ஷஸ்னா வந்தாள்,
நிக்காஹுக்கு நாற்பது நாள் இருக்க.
கைப்பையில் பெயரில்லாத வெள்ளை டப்பா.
புறக்கோட்டையில் மணிக்கூடு விற்கிறவனிடம் வாங்கினதாம்.
மூன்று கிழமை ஊரெல்லாம் என்ன பூசுகிறாய் என்று கேட்டது,
நாலாம் கிழமை அடுப்படிக்குள் நிற்க முடியவில்லை.
கன்னத்தில் நரம்புகள் சிவப்பு நூலாய்ப் பிரிந்திருந்தன.
டொக்டர் டப்பாவை மணந்து பார்த்து மூடினார்.
"நிறுத்தினால் முதலில் இன்னும் சிவக்கும்.
பிறகுதான் ஆறும்."
"நாற்பது நாளுக்குள்ளயா?"
அவர் கலண்டரைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

எனக்கும் ஒரு கோப்பு இருக்கிறது.
இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு வந்த மங்கு,
தேத்தண்ணி சிந்தித் துடைக்காமல் விட்ட மேசை மாதிரி.
லேசர் அடிக்கலாமா என்று கேட்டேன், ஊழியர் விலையில்.
"உன் நிறத்துக்குக் கை கொஞ்சம் தவறினாலும்
இருக்கிறதைவிடக் கறுத்துப் போகும்.
வெயிலுக்குப் பூசு, இரண்டு விரல் நீளம்,
இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா."
அந்த டியூப்பின் விலையை
நான் பால்மாப் பக்கெட்டில்தான் எண்ணுவேன்.
முடிந்ததும் கத்தரியால் நடுவில் வெட்டி
உள்சுவரை வழித்தெடுத்தால் இன்னும் நாலு நாள் வரும்.
இதை எந்தத் துண்டிலும் எழுதித் தருவதில்லை.

சோமசிரி தானாக வரவில்லை.
மகள் பிடித்துக்கொண்டு வந்தாள்.
நூற்றியோராம் இலக்க பஸ், இருபத்தாறு வருஷம்.
இடப்பக்கம் ஐம்பது வயது மனுஷன்,
வலப்பக்கம் அவருடைய தகப்பன்:
கறுத்து, தடித்து, வரிவரியாய் உழுத முகம்.
டொக்டர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.
காலையில் மொரட்டுவையிலிருந்து வடக்கே வரும்போது கிழக்கு வெயில்,
பின்னேரம் தெற்கே திரும்பும்போது கடல் வெயில்.
எந்தப் பக்கம் போனாலும் காலி வீதியில்
சூரியன் சாரதியின் யன்னலில்தான் ஏறும்.

உரித்தெடுக்கும் அமிலம் ஆறு தடவை, இரவுக்குக் கிறீம்,
விலைத்துண்டைச் சோமசிரி
பற்றுச்சீட்டைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பிறகு சிங்களத்தில் கேட்டார்:
"மற்றப் பக்கத்தையும் இப்படி ஆக்கக் குறைய வருமா?"
நான்தான் முதலில் சிரித்தேன்.
கமரா ஆடி, அந்தப் படம் மங்கலாகப் போனது.
திரும்ப எடுத்தேன்.

அவர் கோப்பில் "பின்" வெறுமையாகவே கிடந்தது, எட்டு மாதம்.

போன வியாழன் பம்பலப்பிட்டிச் சந்தியில்
மழைக்கு ஒதுங்கி, வந்த பஸ்ஸில் தாவி ஏறினேன்.
கொண்டக்டர் காசுக்கு விரல் நீட்ட,
முன்னாலிருந்து ஒரு குரல், "அவவை விடு."
கண்ணாடிக்குள் அதே பாதி முகம்.
ஒரு சுருக்கமும் குறையவில்லை.
வலப்பக்க யன்னலில், கட்டில் விரிப்பைக் கிழித்துத் தைத்த
மஞ்சள் பூத் திரை, வளையம் போட்டு,
இழுக்கவும் விடவும் நூல் கட்டி.
மழையாய் இருந்தும் ஒருதரம் இழுத்துக் காட்டினார்.

வெள்ளவத்தையில் இறங்கும்போது
கமரா கையில் இல்லை.
நாடியைக் கொஞ்சம் தூக்குங்கோ என்றேன், தமிழில்.
விளங்கியதோ என்னவோ,
தூக்கினார்.